வைக்கோல் வேறு, காய்ந்த புல் வேறு: டர்பனில் முயலுக்கு டெஃப் வாங்கிய அனுபவம்

வைக்கோல் வேறு, காய்ந்த புல் வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் எங்கள் வீட்டு முயலைப் பறிகொடுக்க இருந்தோம். டெஃப் புல்லைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் அதை முதலில் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். கோயில் கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்கிறவன். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். ஊரில் கதிரடித்து நெல்லைத் தூற்றி எடுத்தபிறகு மிஞ்சும் தாளைப் போராகப் போடுவோமே, அதுதான் வைக்கோல். மணி போன பிறகு நிற்கும் வெறும் தண்டு. மாடு அதை அசைபோட்டு அசைபோட்டு ஏதோ கொஞ்சம் சத்தைப் பிழிந்துகொள்ளும். பச்சைப் புல்லைப் பூக்கும் பருவத்தில் அறுத்து, வெயிலில் காயவைத்து, கட்டிவைத்து மாதக்கணக்கில் தீனி போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. வரப்பில் எப்போதும் புல் கிடக்கும், எதற்குக் காயவைக்க வேண்டும்? அதனால் இங்கே யாராவது காய்ந்த புல்லை 'ஹே' என்றால் என் காதில் அது வைக்கோல் என்றுதான் விழுந்தது. முயலுக்குக் கீழே மெத்தை மாதிரி விரிக்கும் பொருள் என்று நினைத்தேன்.

முயலை விற்ற கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். "இந்தப் பொட்டலம்தான் சாப்பாடு, அந்தக் காய்ந்தது கீழே போட." பொட்டலத்தைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். மக்காச்சோள அவல், தட்டையாக்கிய பட்டாணி, சூரியகாந்தி விதை, சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்ன பிஸ்கட் துண்டுகள். அட்டையில் சிரிக்கும் முயல் படம். என் மகள் உள்ளங்கையில் வைத்து நீட்டினால் ஓடிவந்து தின்னும். அவள்தான் அதற்கு எள்ளுருண்டை என்று பெயர் வைத்தாள். கருப்பும் சாம்பலும் கலந்த நிறம், சுருண்டு படுத்தால் தீபாவளிக்கு உருட்டி வைத்த மாதிரியே இருக்கும். வீட்டில் எள்ளு என்று கூப்பிடுவோம். பெட்டை, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூட.

பத்து மாதம் எள்ளு அந்தக் கலவையைத் தின்றாள். தின்றாள் என்பதைவிடப் பொறுக்கினாள் என்பது சரி. பிஸ்கட்டும் சோளமும் போய்விடும், பச்சைக் குச்சி மாதிரி இருக்கும் நார்த் துண்டுகள் மட்டும் கிண்ணத்தில் மிஞ்சும். மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவோம். கோயிலிலிருந்து நான் கொண்டுவரும் வாழைப்பழம் தினமும் பாதி. அடுத்த வீட்டு ஆயா ரொட்டி சுட்டால் ஒரு துண்டு வேலிக்கு மேலாக வரும். எல்லாரும் பிரியத்தில் செய்ததுதான். ஆனால் முயலின் வயிறு பிரியத்தைப் பார்ப்பதில்லை.

அந்த மாதங்களில் ஓர் அறிகுறி கண்ணெதிரே இருந்தது. அதன் பின்புறத்தில் எப்போதும் கருப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கும். என் மனைவி வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுவாள். வயிற்றுப்போக்கு என்று நினைத்தோம். அது வயிற்றுப்போக்கு இல்லை என்று பிறகு தெரிந்தது. முயல் இரண்டு விதமாகப் போடும். ஒன்று நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி மினுமினுப்பாக, மெத்தென்று, வாடையோடு வரும். அதை முயல் குனிந்து நேராக வாயிலேயே வாங்கி விழுங்கிவிடும். அருவருப்புப் பட வேண்டாம், அதுதான் அதன் இரண்டாவது சாப்பாடு. சீக்கம் என்ற பெரிய பையில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் வைட்டமினும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. நம் வீட்டில் மாவு பொங்குவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறதல்லவா, அந்தப் பைக்கும் அப்படி ஒரு பக்குவம் உண்டு. மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகமாகப் போனால் பக்குவம் கெட்டு, கொத்து குழைந்து, ரோமத்தில் அப்பிக்கொள்ளும். எள்ளுக்கு நடந்தது அதுதான்.

பிறகு தீபாவளி வந்தது. சாட்ஸ்வொர்த்தில் தீபாவளி என்றால் வெடிச் சத்தம் இரண்டு ராத்திரிக்கு ஓயாது. முயலுக்குப் பயமே ஒரு நோய். பயந்தால் குடல் நின்றுபோகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எள்ளு சோபாவுக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. காலையில் பழத்துக்கு வரவில்லை. விருந்தினர் வந்துபோகிற நாள், சாயங்காலம் வரை நாங்களும் சரியாகக் கவனிக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மகள் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. காது சில்லிட்டிருந்தது. காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பல்லை நறநறவென்று அரைக்கும் சத்தம். மரத்தட்டில் காலையிலிருந்து ஒரு புழுக்கைகூட இல்லை.

ராத்திரி திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்கு ஓடினோம். பணியில் இருந்தவர் இளம் பெண் டாக்டர், ஒன்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சூடு பார்த்தார், 37.4. முயலுக்கு 38.5 முதல் 40 வரை இருக்க வேண்டுமாம். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார். பிறகு அதை என் மகள் காதில் மாட்டிவிட்டு, "என்ன கேட்கிறது?" என்றார். "ஒன்றுமே கேட்கலை." "அதுதான் பிரச்சினை. நல்ல வயிறு என்றால் குடுகுடுவென்று பேசிக்கொண்டே இருக்கும்."

அடைப்பு இருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரே எடுத்தார். அடைப்பு இருந்தால் குடலை இயக்கும் மருந்தோ வாயில் ஊட்டுவதோ உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். அடைப்பு இல்லை, வாயு மட்டும் பந்து பந்தாகத் தெரிந்தது. வலிக்கு மெலாக்சிகாம், குடல் நகர மெட்டோகுளோப்ரமைட், தோலுக்கு அடியில் உப்பு நீர், வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி அணைப்பு. கொஞ்சம் சூடேறிய பிறகு கிரிட்டிக்கல் கேர் என்ற புல்மாவைத் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில், முன்பல்லுக்குப் பக்கவாட்டில் விட்டு ஒரு மில்லி ஒரு மில்லியாக ஊட்டக் காட்டினார். "முயலுக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது எல்லாம் முன்னால்தான் நகர வேண்டும். நகரவைப்பது நார். மருந்து இன்றைக்கு, நார் என்றைக்கும்" என்றார். பில் 3,000 ராண்டுக்கு மேல் வந்தது. அதில் ஒரு காசும் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

விடிகாலை நாலரைக்கு வீட்டில் சமையலறைத் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தோம். எள்ளு மெல்ல நகர்ந்து மூலைக்குப் போய் நின்றது. மூன்று புழுக்கை விழுந்தது. ஒவ்வொன்றும் மிளகை விடச் சின்னது, கோணல்மாணல், ஒரே ரோமத்தில் மணி கோத்த மாதிரி ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டிருந்தன. மகள் அழுதேவிட்டாள். நான் அவற்றை வெள்ளைக் காகிதத்தில் எடுத்து வைத்தேன். என் தொழிலில் கண்ணளவுதான் எல்லாம். நகத்தளவு மாறினாலும் விக்கிரகத்தின் முகம் மாறிவிடும். அன்றிலிருந்து தினமும் காலையில் தட்டைக் கவனித்துப் பார்க்கிறேன். உருண்டையா, ஒரே அளவா, எத்தனை, உடைத்தால் உள்ளே நார் தெரிகிறதா.

மறுநாள் டாக்டர் சொன்ன முதல் வேலை: புல் வாங்குங்கள். தட்டில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும், அதுவும் ராப்பகல் எந்நேரமும். குடலைத் தள்ளுவது நீள நார். பல்லைத் தேய்ப்பதும் அதுவே. முயலுக்குப் பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும், பக்கவாட்டில் அரைத்து மெல்லாவிட்டால் ஓரம் கூராகி நாக்கைக் கிழிக்கும். அந்தக் கலவைப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டேன். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முயல்களுக்கு அப்படிப்பட்ட கலவையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், எல்லா முயலும் பிடித்ததைப் பொறுக்கி மற்றதை ஒதுக்கின, புல் தின்பது குறைந்தது, உடம்பு பெருத்தது, பல் கெட்டது என்றார். எங்கள் கிண்ணத்தில் பத்து மாதம் நான் பார்த்தது அதேதான்.

எந்தப் புல்? இந்த நாட்டில் எளிதாகக் கிடைப்பவை மூன்று.

குதிரைமசால் எல்லாக் கடையிலும் இருக்கும்; இங்கே லூசர்ன் என்பார்கள். நம் ஊரில் மாட்டுக்கும் குதிரைக்கும் போடுவது. வாசனை அபாரம், எள்ளு அதன் மேல் பாய்ந்தது. ஆனால் வளர்ந்த முயலுக்கு அன்றாடம் ஆகாது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிக அதிகம். முயல் உடம்பு தின்ற கால்சியத்தில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு, வேண்டாததை மூத்திரத்தில் தள்ளும். அதிகமானால் மூத்திரப்பையில் சுண்ணாம்புக் குழம்பாகத் தேங்கிவிடும். ஆறு மாதத்துக்குள் வளரும் குட்டிக்கும், சினை முயலுக்கும் சரி. மற்றதற்கு எப்போதாவது ஒரு சிட்டிகை.

அடுத்தது எராக்ரோஸ்டிஸ். தென்னாப்பிரிக்காவின் சொந்தப் புல், வயல்வெளி ஓரங்களில் தலைசாய்ந்து நிற்கும். நார் நல்லது, விலை குறைவு. எங்களுக்குக் கிடைத்த கட்டு முற்றிப்போனது. கம்பி மாதிரி இருந்தது. எள்ளு நாலு குச்சி கடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இளசாக அறுத்தது கிடைத்தால் மறுபடி வாங்கிப் பார்ப்பேன்.

மூன்றாவது டெஃப். இதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எத்தியோப்பியாவில் டெஃப் ஒரு தானியம். சாமையை விடப் பல மடங்கு சின்ன மணி, கசகசா அளவுதான் இருக்கும். அதை அரைத்துப் புளிக்கவைத்து இன்ஜெரா என்று தோசை மாதிரி ஊற்றுவார்கள். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் மணிக்காக இல்லை, காய்ந்த புல்லுக்காகத்தான் பயிரிடுகிறார்கள். குதிரைக்காரர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. எராக்ரோஸ்டிஸுக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் தண்டு மெல்லிசு, இலை அதிகம், கைக்கு மிருது.

முதலில் செல்லப்பிராணிக் கடையில் பொட்டலமாக வாங்கினேன். ஒரு கிலோ 75 ராண்ட். பிளாஸ்டிக் பையில் அமுக்கி அடைத்து, பாதி துண்டும் தூளுமாக, வெளிறிய மஞ்சளில் இருந்தது. வாசனை இல்லை. எள்ளு தின்றது, ஆனால் ஆசையில்லாமல் தின்றது. பிறகு என்னோடு சாரத்தில் வேலை செய்யும் ஜுலுக்காரத் தம்பி ஒருவர், "அண்ணா, ஷாங்வேனிப் பக்கம் போங்கள், அங்கே பந்தயக் குதிரைகள் இருக்கின்றன, குதிரை தின்னும் புல்லை வாங்குங்கள்" என்றார். கோயிலில் வேலை பார்த்துப் பார்த்து 'அண்ணா' என்று கூப்பிடப் பழகியவர். அவர் சொன்னதுதான் எங்கள் முயலைத் தேற்றிய யோசனை.

ஹில்கிரெஸ்ட் தாண்டி அந்தப் பக்கம் போனால் குதிரைத் தீவனக் கடைகள் உண்டு. நான் போவது தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன இடம். செவ்வகக் கட்டு ஒன்று, கடைத் தராசில் நிறுத்தால் 15 கிலோவுக்குக் கொஞ்சம் கூட, 110 ராண்ட். பொட்டல விலையோடு வைத்துப் பாருங்கள், கிலோ ஏழு ராண்ட் சொச்சம். எள்ளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி அள்ளிப் போடுகிறோம். தின்றது போக இறைத்தது, நனைத்தது எல்லாம் சேர்ந்து முழுக் கட்டு என்றால் மூன்று மாதம் வரும்.

கட்டை அவிழ்ப்பதே தனி அனுபவம். கயிற்றை அறுத்ததும் புல் தகடு தகடாகப் பிரியும், நம் ஊரில் அப்பளக் கட்டைப் பிரிப்பதுபோல. வெளித் தகடு வெயிலில் வெளிறியிருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நடுத் தகட்டை விலக்கிப் பார்த்தால் இளம்பச்சை இருக்க வேண்டும். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கதகதப்பாக இருந்தால் ஈரத்தோடு கட்டியது, உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், வாங்காதீர்கள். முகத்தருகே கொண்டுபோனால் மழை பெய்து ஓய்ந்த வரப்பும், கொஞ்சம் டீத்தூளும் கலந்த வாசனை வரும். எனக்கு அந்த வாசனையில் ஊர் ஞாபகம் வந்துவிடும். ஒரு பிடியை வளைத்தால் வளைந்து கொடுக்க வேண்டும், படக்கென்று ஒடிந்தால் முற்றியது. வெள்ளையாகவோ சாம்பலாகவோ தூள் பறந்தால், பழைய கோணிச் சாக்கு நாற்றம் அடித்தால், விலையைப் பற்றி யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூஞ்சணம் பட்ட புல்லைப் போடுவதைவிட அன்றைக்கு வீட்டு வாசலில் பறித்த பச்சைப் புல்லைப் போடலாம்.

முதல் கட்டைக் கொண்டுவந்த அன்று எள்ளு அதற்குள்ளேயே தலையை நுழைத்துவிட்டது. ஒரு நீளத் தண்டை நுனியில் பிடித்து, இழைப்புளியில் சுருள் வருவதுபோல உள்ளே இழுத்துக்கொண்டே போனது. தாடை இடமும் வலமுமாகச் சுழன்றது. கலவைத் தீனி தின்னும்போது அந்த அசைவை நான் பார்த்ததே இல்லை, மேலும் கீழுமாக நொறுக்கிவிட்டு விழுங்கும். நான் வேலைக்குப் போகாமல் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே நாளில் மாற்றவில்லை. டாக்டர் சொன்னபடி மூன்று வாரம் எடுத்தோம். முதல் வாரம் கலவையில் முக்கால், இரண்டாம் வாரம் பாதி, அப்புறம் கால், அப்புறம் நிறுத்தம். அதற்குப் பதிலாக எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும் பெல்லட் என்ற தீனி, பொறுக்க முடியாதது. பையில் நார்ச்சத்து 18 சதவீதத்துக்கு மேல் என்று போட்டிருப்பதாகப் பார்த்து, நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி. பழம் வாரத்துக்கு ஒரு முறை கட்டைவிரல் நுனி அளவு. ஐந்தாவது வாரம் பின்புறம் துடைக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது. புழுக்கை பெரிதானது, என் ஸ்கேலில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், வெளிர் பழுப்பு, விரலில் அழுத்தினால் மரத்தூள் மாதிரி உதிர்கிறது. காலையில் தட்டு நிறைய அதைப் பார்த்தால் எங்கள் வீட்டில் நாள் நன்றாகத் தொடங்குகிறது.

குறைகள் இருக்கின்றன, மறைக்கக் கூடாது.

கட்டுக்குக் கட்டு தரம் மாறும். இங்கே புல் வளர்வது மழைக்காலமான கோடையில். குளிர்காலம் முடிந்து ஆகஸ்ட், செப்டம்பர் வரும்போது கிடங்கில் கிடந்து பழசானதுதான் கிடைக்கும், விலையும் ஏறும். சென்ற செப்டம்பரில் வாங்கிய கட்டில் பாதி வெறும் தண்டு. பெரிய பண்ணையில் இயந்திரம் கட்டுவதால் களை, முள், சில சமயம் கயிற்றுத் துண்டு, ஒரு முறை பிளாஸ்டிக் துணுக்கு வந்தது. ஒவ்வொரு பிடியையும் உதறிப் பார்த்துத்தான் போட வேண்டும். தூசியும் உண்டு, எனக்குச் சுண்ணாம்புத் தூசி பழக்கம், என் மனைவிக்குத் தும்மல் நிற்காது. அதனால் வீட்டுக்குள் கட்டை அவிழ்ப்பதில்லை, பின்வாசலில்தான். கதிர் வரும் வரை விட்டு அறுத்த புல்லாக இருந்தால் பொடி மணி தரையெல்லாம் உதிரும், எறும்பு வரும். இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தைவிடக் கட்டு மேல் என்கிறேன்.

பெரிய எதிரி டர்பனின் ஈரக்காற்று. ஜனவரி, பிப்ரவரியில் சுவரே வேர்க்கிற ஊர் இது. முதல் கட்டைப் பிளாஸ்டிக் டிரம்மில் மூடிவைத்தேன், மூன்றாவது வாரம் அடித்தட்டு கருத்துவிட்டது. நாலு கிலோ தூக்கிப் போட்டேன். இப்போது சரக்கு அடுக்கும் மரப் பலகைச் சட்டத்தின் மேல், தரையைத் தொடாமல், சுவரை ஒட்டாமல் நிற்கிறது. மேலே பழைய பருத்தி வேட்டி போர்த்தியிருக்கிறேன். காற்று போய்வர வேண்டும், வெயில் நேராகப் படக்கூடாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் தலையணை உறையில் போட்டு வீட்டுக்குள் தொங்கவிடுகிறோம்.

எப்படிப் போடுவது என்பதிலும் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும். ஆகவே அதன் மலத்தட்டின் ஒரு ஓரத்திலேயே புல்லைக் குவித்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்து இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளும். உயரத்தில் கம்பிக் கூடை மாட்டிப் பார்த்தேன், பாதி நேரம் தின்னவில்லை. குனிந்து தின்பதுதான் அதற்கு இயல்பு.

பச்சைக்கு வெள்ளி, சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் போதும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் தழை. கேரட்டின் மேல்தழையைக் கிள்ளிக் குப்பையில் போடுவார்கள்; "முயலுக்கு" என்று கேட்டால் ஒரு பை நிறையத் தருகிறார்கள் அங்குள்ள அக்காமார். ஹெர்ப்ஸ் என்று இங்கே சொல்கிற தண்டுக்கீரை வகைகளைத் தினமும் போடுவதில்லை, ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். கழுவி, நீர் சொட்டச் சொட்டவே வைக்கிறேன். அதன் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகிறது, குடலுக்கு நல்லது. புட்டியில் குழாய் வைத்துத் தண்ணீர் கொடுத்ததை நிறுத்திக் கனமான மண்சட்டியில் வைத்தோம், இரண்டு மடங்கு குடிக்கிறது. முட்டைக்கோஸ் கொஞ்சம்தான், வாயு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையவே கிடையாது. அவகாடோ முயலுக்கு விஷம். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் மரம் நிற்கிறது, இலை உதிர்ந்தால் பெருக்கிவிடுங்கள்.

சாலை ஓரத்திலும் காட்டு முயல் திரியும் வெளியிலும் புல் பறிக்க வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். 2022 கடைசியில் இந்த நாட்டின் மேற்கு மாகாணங்களில் முயல்களைத் தாக்கும் ரத்தக்கசிவு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது; அது புல்லிலும் செருப்பிலும்கூட ஒட்டிவரக் கூடியது. புல் எந்தப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நான் போகும் இடத்துப் பெரியவர் கேட்டதும் சொல்லிவிடுவார், கட்டை அறுத்து நடுத் தகட்டையும் காட்டுவார். அதற்காகவே அவரிடம் போகிறேன்.

இன்னொன்று, புல்லுக்கு நேரடி சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வீட்டில் மிச்சம் கிடக்கும் அமாக்சிசிலின் மாதிரி மருந்தை முயலுக்கு வாயில் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு நல்லது, நாய்க்கும் நல்லது, முயலின் சீக்கத்தில் இருக்கும் நல்ல நுண்ணுயிரை அழித்து நச்சுக் கிருமியை வளரவிட்டுக் கொன்றுவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முயல் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தோம். அந்தப் பகலை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இந்தத் தீபாவளிக்கு முன்னேற்பாடு செய்தோம். சாயங்காலம் நாலு மணிக்கே எள்ளுவை உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு, மெல்லிசாக நாதஸ்வரம் போட்டுவிட்டோம். ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டி, கழுத்து வரை டெஃப் நிரப்பி வைத்தோம். ஒளிய இடமும் அதுவே, சாப்பாடும் அதுவே. அடுத்த வீட்டு ஆயா வந்து, "தம்பி, இன்னிக்கு ரொட்டி தரமாட்டேன், பயப்படாதே" என்று சொல்லிவிட்டு ஒரு பிடி கொத்தமல்லி கொடுத்துப் போனார். வெடி உச்சத்தில் இருந்த ஒன்பது மணிக்கு மகள் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பழையது ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பெட்டிக்குள் கருக்கு முருக்கு என்று மெல்லும் சத்தம் எனக்கு வெறுங்காதிலேயே கேட்டது.

ஒரே ஒரு முயல் வைத்திருப்பவருக்கு 15 கிலோ கட்டு அதிகம்தான், இந்த ஊர் ஈரத்தில் மூன்று மாதம் காப்பது பாடு. அதனால் எங்கள் தெருவில் மூன்று வீடாகப் பங்கு போட்டுக்கொள்கிறோம். இரண்டு வீட்டில் முயல், ஒரு வீட்டில் கினிப் பன்றி. இந்தக் கோடையின் முதல் அறுப்பு வந்துவிட்டது என்று கடைப் பெரியவர் சொல்லியனுப்பியிருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை ஷாங்வேனிக்குப் போகிறேன். சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறவர்கள் யாருக்காவது கால் கட்டு, அரைக் கட்டு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள். வரும்போது கோணிப்பையோ தலையணை உறையோ கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம்.